கிட்னிக்கு எந்த டெஸ்ட், கணையத்துக்கு எந்த டெஸ்ட்? இரத்தப் புரதப் பரிசோதனைகள் ஓர் ஒப்பீடு

எந்த லேபின் பேக்கேஜ் அட்டையை எடுத்தாலும் டோட்டல் புரோட்டீன், ஆல்புமின், குளோபுலின், ஏ/ஜி ரேஷியோ என்ற நான்கு வரிகள் இருக்கும். ரிப்போர்ட்டில் நான்கும் நார்மல் என்று வந்துவிட்டால், "புரோட்டீன் சரியா இருக்குங்க, அப்ப கிட்னி நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்பவர்கள் நிறைய. அந்த நான்கு வரிகளை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. அதேபோல், மேல்வயிறு வலித்து எடுத்த அமைலேஸ் என்ற செரிமான என்சைம் கொஞ்சம் கூடுதலாக வந்தால் கணையம் கெட்டுப்போய்விட்டது என்றும் சொல்லிவிட முடியாது.

எந்தக் கேள்விக்கு எந்தப் பரிசோதனை பதில் சொல்லும், எதற்குக் கொடுக்கும் காசு வீண் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். மருத்துவர் எழுதிக் கொடுத்ததை மாற்றச் சொல்ல இதை எழுதவில்லை. நாமாகவே லேபுக்குப் போய் 'எல்லாத்தையும் எடுத்துடுங்க' என்று சொல்லும் பழக்கம் பரவிவிட்டதே, அதற்காக.

முதலில் ஒரு அடிப்படை. இரத்தத்தில் ஒரு புரதத்தின் அளவு கூடினால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: அது அதிகமாக வருகிறது, அல்லது போக வேண்டிய வழியில் போகவில்லை. மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் மோட்டார் அதிகம் ஓடியதா, வெளியே போகும் குழாய் அடைத்ததா என்று பார்ப்போமில்லையா, அதே கணக்கு. ஆல்புமின் கல்லீரலிலிருந்து வருகிறது. லைபேஸ் என்ற செரிமான என்சைம் கணையத்திலிருந்து வருகிறது. சிஸ்டாட்டின் சி உடலின் ஏறக்குறைய எல்லா செல்களிலிருந்தும் வருகிறது. ஆனால் சிறிய புரதங்கள் பலவும் வெளியேறும் வழி ஒன்றுதான், அது சிறுநீரகம். அதனால்தான் கணையத்துக்காக எடுக்கும் டெஸ்ட்டைக் கிட்னி குழப்பிவிடுகிறது. இனி வரும் ஒவ்வொரு பரிசோதனையிலும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிட்னிக்கு: இரத்த ஆல்புமினா, சிறுநீர் ஆல்புமினா?

சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ உள்ளவர் ஆண்டுக்கு ஒருமுறை கிட்னியைப் பார்க்க வேண்டும். கையில் இருக்கும் பணத்துக்கு ஒரே ஒரு புரதப் பரிசோதனைதான் எடுக்க முடியும் என்றால், நான் இரத்தத்தை விட்டுவிட்டுச் சிறுநீர் பக்கம்தான் போவேன். காரணத்தைக் கணக்காகவே சொல்லலாம்.

நலமான இரண்டு சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 4 கிராம் அளவுக்கு ஆல்புமின் மிதந்தாலும், நாள் முழுவதும் சிறுநீரில் தப்பிப்போவது 30 மில்லிகிராமுக்கும் குறைவுதான். வடிகட்டியில் பழுது தொடங்கினால் இது 50, 100, 300 மில்லிகிராம் என்று ஏறும். கல்லீரலோ ஒரு நாளில் 10 கிராமுக்கு மேல் புதிய ஆல்புமினைச் செய்கிறது. 300 மில்லிகிராம் கசிந்தால் அதற்கு அது ஒரு பொருட்டே இல்லை, சத்தமில்லாமல் ஈடுகட்டிவிடும். ஆகவே இரத்த ஆல்புமின் 4.2 என்று நார்மலாகவே வரும். இரத்தத்தில் அளவு இறங்கி, கால் வீங்கி, முகம் உப்பும்போது கசிவு பெரும்பாலும் நாளுக்கு 3.5 கிராமைத் தாண்டியிருக்கும். நெஃப்ரோடிக் என்று மருத்துவர்கள் சொல்வது இந்த நிலையைத்தான்.

கசிவை முதலிலேயே பிடிப்பது, சிறுநீரில் உள்ள ஆல்புமினைக் கிரியேட்டினின் என்ற தசைக் கழிவோடு ஒப்பிடும் சிறுநீர் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம், சுருக்கமாக ஏசிஆர். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழ் ஆல்புமின் இருந்தால் பரவாயில்லை. 30 முதல் 300 வரை எச்சரிக்கை, 300-க்கு மேல் கவனம் கட்டாயம். 24 மணி நேரச் சிறுநீரைக் கேனில் சேர்க்கும் தொல்லை இல்லை, காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் போதும்.

சாதாரண யூரின் ஸ்ட்ரிப் இதைவிட மலிவு. ஆனால் கசிவு சிறிதாக இருக்கும் கட்டத்தில் 'நில்', அதாவது ஒன்றுமில்லை என்றே காட்டிவிடும், தண்ணீர் நிறையக் குடித்து நீர்த்திருந்தாலும் அப்படித்தான். ஸ்ட்ரிப்பில் ஒன்றும் இல்லை என்பதை ஏசிஆர் நார்மல் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஏசிஆரில் ஒரு தொந்தரவும் உண்டு. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடுமையான உடற்பயிற்சி, மாதவிடாய் என்று எது வந்தாலும் ஏறும். ஒருமுறை 45 வந்தது என்பதற்காகப் பதறக் கூடாது. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று தடவை எடுத்து, இரண்டில் கூடுதலாக இருந்தால்தான் அது கணக்கு. நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர் சூட்டவே குறைந்தது மூன்று மாதம் அந்தப் பழுது நீடித்திருக்க வேண்டும்.

ஏசிஆரையும் முழுதாக நம்பிவிட முடியாத இடம் ஒன்று இருக்கிறது. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில், அனுராதபுரம் பக்கத்து விவசாயிகளிடையே 1990-களிலிருந்து பேசப்படும் காரணம் தெரியாத சிறுநீரக நோய் அப்படிப்பட்டது. ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானத்திலும் இதைப் போன்ற நோய் இருக்கிறது. இவற்றில் பழுது முதலில் வருவது வடிகட்டியில் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் நுண்குழாய்களில். ஆல்புமின் அதிகம் கசியாமலே கிட்னி சுருங்கிக்கொண்டு போகும். சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை, வெயிலில் உழைக்கும் உடம்பு என்றால் ஏசிஆரோடு கிரியேட்டினினையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நுண்குழாய்ப் பழுதைக் காட்டும் பீட்டா-2, ஆல்ஃபா-1 மைக்ரோகுளோபுலின் போன்ற சின்னப் புரதங்களைச் சிறுநீரில் அளக்கும் பரிசோதனைகள் இருக்கின்றன. ஆனால் அவை தெருமுனை லேப் சமாச்சாரம் இல்லை.

கிரியேட்டினினா, சிஸ்டாட்டின் சி-யா?

கிரியேட்டினின் புரதம் இல்லை. தசையிலிருந்து வரும் கழிவு. ஊர்ப்பக்கம் 'இரத்தத்தில் உப்பு ஏறிடுச்சு' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இதை அளக்கும் பிக்ரிக் அமில முறையை மேக்ஸ் யாஃபே 1886-இல் கண்டுபிடித்தார். இன்றும் பல லேப்களில் அதன் வாரிசுதான் ஓடுகிறது. மலிவு, வேகம், எங்கும் கிடைக்கும்.

குறை என்னவென்றால், அது கிட்னியைச் சொல்லும்போதே தசையையும் சேர்த்துச் சொல்கிறது. கிரியேட்டினின் 1.2 என்று ஒரே எண் இரண்டு பேருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 28 வயது ஆணுக்கு 2021-இன் சிகேடி-ஈபிஐ சூத்திரப்படி கணக்கிட்டால் வடிகட்டும் வேகம், அதாவது இஜிஎஃப்ஆர், 84 வரும். நல்ல எண். 72 வயது அம்மாவுக்கு அதே 1.2-ஐப் போட்டால் 48 வரும். 60-க்குக் கீழ் மூன்று மாதம் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். ஆனால் லேபின் அட்டையில் 1.2-க்கு எதிரே இரண்டு பேருக்குமே பல நேரம் 'நார்மல்' என்றுதான் இருக்கும். கிரியேட்டினினை மட்டும் அச்சடித்து இஜிஎஃப்ஆரைப் போடாத ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட் என்பது என் கருத்து. இலவசக் கணிப்பான்கள் இணையத்தில் கிடைக்கின்றன. வயது, பாலினம், கிரியேட்டினின் மூன்றும் போதும்.

இஜிஎஃப்ஆருக்கும் தசை தெரியாது, வயதையும் பாலினத்தையும் வைத்து அது ஊகிக்கிறது. ஆகவே ஊகம் தப்பும் உடம்புகள் இருக்கின்றன. ஜிம்மில் உருண்டு திரண்டவர், கிரியேட்டின் பவுடர் கலந்து குடிப்பவர், முந்தைய இரவு ஆட்டுக்கறியை ஒரு கை பார்த்தவர் ஆகியோருக்குக் கிட்னி நன்றாக இருந்தும் கிரியேட்டினின் கூடுதலாக வரும். படுத்த படுக்கையான முதியவர், கால் இழந்தவர், கல்லீரல் சுருங்கி உடம்பு வற்றியவர் ஆகியோருக்கு நேர்மாறு. தசையே இல்லாததால் கிரியேட்டினின் 0.7 என்று அழகாக வரும், கிட்னி உள்ளே பாதி போயிருக்கும். இந்த இரண்டாவது கூட்டத்தை நினைத்துத்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். நார்மல் என்று வந்த ரிப்போர்ட்டை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

இங்கேதான் சிஸ்டாட்டின் சி வருகிறது. 120 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். தசை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வந்துகொண்டிருக்கும். சிறுநீரகம் அதைத் தடையில்லாமல் வடிகட்டி, நுண்குழாயிலேயே சிதைத்துவிடும், இரத்தத்துக்குத் திருப்பி அனுப்பாது. எனவே வடிகட்டல் குறைந்தால் இரத்தத்தில் ஏறும். பொதுவாக லிட்டருக்கு 1 மில்லிகிராமை ஒட்டி இருந்தால் சரி, அதைத் தாண்டத் தாண்ட யோசிக்க வேண்டும்.

அப்படியானால் எல்லாரும் சிஸ்டாட்டினையே எடுத்துவிடலாமே? வேண்டாம். ஒன்று, விலை கிரியேட்டினினைப் போலப் பல மடங்கு, சின்ன ஊர்களில் மாதிரியை வெளியே அனுப்பித்தான் செய்வார்கள். இரண்டு, அதற்கும் அதற்கேயான பலவீனங்கள் உண்டு. தைராய்டு அதிகம் சுரந்தால் ஏறும், குறைந்தால் இறங்கும். ஸ்டீராய்டு மாத்திரை, உடல் பருமன், புகைப்பழக்கம், உடலில் எங்காவது ஓடும் அழற்சி ஆகியவையும் ஏற்றிவிடும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்கு சிஸ்டாட்டின் எடுத்து, அது கூடுதல் என்று கிட்னி மருத்துவரிடம் ஓடுவதில் அர்த்தமில்லை.

உலக அளவில் சிறுநீரக வழிகாட்டுதல்களை வெளியிடும் கேடிகோ அமைப்பு 2012-இலேயே ஒரு நடுவழியைச் சொன்னது. கிரியேட்டினின் வழியாக வந்த இஜிஎஃப்ஆர் 45-க்கும் 59-க்கும் இடையில், ஆனால் சிறுநீரில் ஆல்புமின் இல்லை, வேறு பழுதும் தெரியவில்லை என்றால் சிஸ்டாட்டினை எடுத்துச் சந்தேகத்தைத் தீர்க்கலாம் என்றது. 2024 வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி போய், சிஸ்டாட்டின் கிடைக்கும் இடங்களில் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் சூத்திரத்துக்கு முன்னுரிமை தருகிறது. இரண்டின் பலவீனங்களும் வேறுவேறு என்பதால் சேர்த்துப் போட்டால் தவறு குறைகிறது.

என் தேர்வைச் சொல்கிறேன். வழக்கமான ஆண்டுப் பரிசோதனைக்குக் கிரியேட்டினினும் ஏசிஆரும் போதும். முடிவு எல்லைக்கோட்டில் நிற்கிறது, அல்லது உடம்பு வழக்கமான தசை அளவில் இல்லை, அல்லது அளவு தப்பினால் ஆபத்தான மருந்தைத் தொடங்கப்போகிறார்கள் என்றால் ஒருமுறை சிஸ்டாட்டின் எடுப்பது காசுக்குத் தகும். மாதாமாதம் எடுப்பது தகாது.

டோட்டல் புரோட்டீன் எப்போது உண்மையிலேயே உதவும்?

கிட்னிக்கு உதவாது என்று மேலே தள்ளிவிட்ட அந்த வரி, வேறு ஒரு கதையை எதிர்பாராமல் காட்டிக்கொடுக்கும். டோட்டல் புரோட்டீன் 9-ஐத் தாண்டுகிறது, ஆல்புமின் மட்டும் 3 என்று இறங்கி நிற்கிறது, அப்படியானால் மிச்சம் முழுக்க, எதிர்ப்புப் புரதங்கள் அடங்கிய குளோபுலின். அறுபதைத் தாண்டியவர், இரத்தசோகை, முதுகெலும்பு வலி, கிரியேட்டினின் ஏறுகிறது என்று இவையும் சேர்ந்தால் மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். நாள்பட்ட தொற்றுகளிலும் கல்லீரல் நோயிலும்கூட குளோபுலின் ஏறும் என்பதால் அந்த எண்ணை வைத்து மட்டும் முடிவுக்கு வரக் கூடாது.

அடுத்த படி சீரம் புரோட்டீன் எலெக்ட்ரோஃபோரெசிஸ். மின்புலத்தில் புரதங்களைப் பிரித்து வரிசைப்படுத்துவது, ஆர்னே டிசேலியஸுக்கு 1948-இல் நோபல் வாங்கிக்கொடுத்த நுட்பம். தொற்றில் குளோபுலின் பகுதி பரவலாக மேடாகத் தெரியும், மைலோமாவில் ஒரே இடத்தில் குறுகலாக ஊசிபோல் எழும். அதைத்தான் 'எம் பேண்ட்' என்கிறார்கள்.

இதிலும் நழுவிவிடும் சில மைலோமாக்கள் எதிர்ப்புப் புரதத்தின் லைட் செயின் என்ற துண்டை மட்டும் சுரக்கும். அந்தத் துண்டுகள் சிறுநீரில் இறங்கிக் கிட்னியைக் கெடுக்கும், ஆனால் ஸ்ட்ரிப் ஆல்புமினையே முக்கியமாகப் பிடிப்பதால் 'நில்' என்று வந்துவிடும். அதற்கு ஃப்ரீ லைட் செயின் பரிசோதனை தேவை. லைட் செயினின் இரு வகைகளான கப்பா–லாம்டா விகிதம் பொதுவாக 0.26 முதல் 1.65 வரை இருக்க வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு 3.1 வரைகூட ஏற்றுக்கொள்கிறார்கள், ஏனென்றால் இந்தத் துண்டுகளும் கிட்னி வழியாகத்தான் வெளியேற வேண்டும். லேப் அட்டையில் அச்சடித்த எல்லையை மட்டும் பார்த்தால் கிட்னி நோயாளிக்குப் புற்றுநோய்ப் பயமும் சேர்ந்துகொள்ளும்.

கணையத்துக்கு: அமைலேஸா, லைபேஸா?

இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஒன்றுதான் எடுக்க வேண்டும் என்றால் லைபேஸ். இரண்டையும் சேர்த்து எடுப்பது பல மருத்துவமனைகளில் வழக்கமாக இருந்தாலும், கூடுதலாக ஒன்றும் தெரியப்போவதில்லை. கணைய அழற்சி என்ற சந்தேகத்துக்கு அமைலேஸ் வேண்டாம், லைபேஸ் எடுங்கள் என்று அமெரிக்க மருத்துவ நோயியல் சங்கமும் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது.

நேரம்தான் பெரிய வித்தியாசம். கணைய அழற்சி தொடங்கிய சில மணி நேரத்தில் இரண்டும் ஏறிவிடும். அமைலேஸ் மூன்று முதல் ஐந்து நாளில் பழையபடி இறங்கிவிடும், லைபேஸ் ஒரு வாரத்துக்கு மேல், சிலருக்கு இரண்டு வாரம் வரைகூட ஏறியே இருக்கும். நம் ஊரில் மேல்வயிற்று வலி வந்தால் கேஸ் டிரபிள் என்று சொல்லி, சோடா குடித்து, ஓமம் மென்று, நான்காம் நாள் வாந்தியோடுதான் மருத்துவமனைக்குப் போகிறோம். அன்றைக்கு அமைலேஸ் நார்மலாக இருந்தால் அது யாரையும் ஏமாற்றும்.

அமைலேஸ் கணையத்தின் தனிச்சொத்தும் இல்லை. உமிழ்நீர்ச் சுரப்பியும் அதைச் சுரக்கிறது. பொன்னுக்குவீங்கி வந்த குழந்தைக்கு அமைலேஸ் ஏறும், கணையத்தில் ஒன்றும் இருக்காது. இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு ஆயிரத்தைத் தாண்டி, அதனாலேயே கணைய அழற்சி வந்தவருக்கு அமைலேஸ் நார்மல் போல வந்து ஏமாற்றுவதும் உண்டு. நாள்பட்ட குடிப்பழக்கத்தால் வந்த அழற்சியிலும் அப்படியே. சிலருக்கு அமைலேஸ் எதிர்ப்புப் புரதங்களோடு ஒட்டிப் பெரிய உருண்டையாகிவிடும். கிட்னியின் வடிகட்டியில் நுழைய முடியாமல் இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மேக்ரோ அமைலேஸ் என்று பெயர். அமைலேஸ் ஆண்டுக்கணக்கில் கூடுதல், லைபேஸ் நார்மல், வலியே இல்லை என்றால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். நோயே இல்லாத நிலை இது. இதற்காக ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்தவர்களும் இருப்பார்கள்.

சரி, லைபேஸ் எவ்வளவு ஏறினால் கணக்கு? லேபின் மேல் எல்லையைப் போல மூன்று மடங்கு. அதுவும் தனியாக இல்லை. 2012-இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வரையறைப்படி, அதற்கேயுரிய வயிற்றுவலி, மூன்று மடங்கு என்சைம், ஸ்கேனில் தெரியும் மாற்றம் என்ற மூன்றில் இரண்டு இருந்தால் அது திடீர்க் கணைய அழற்சி (அக்யூட்). வலியும் லைபேஸும் தெளிவாகச் சொல்லிவிட்டால் அன்றைக்கே சிடி ஸ்கேன் எடுத்தாக வேண்டும் என்பதில்லை. பித்தக்கல் இருக்கிறதா என்று பார்க்க அல்ட்ராசவுண்ட் தேவைப்படும்.

அடுத்தது, குடும்பத்தார் அதிகம் தவறாகப் புரிந்துகொள்வது. லைபேஸ் 3,000 என்று வந்தவருக்கு நோய் 600 வந்தவரைவிட ஐந்து மடங்கு மோசம் இல்லை. எண்ணின் உயரத்துக்கும் நோயின் கடுமைக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. மூச்சு, இரத்த அழுத்தம், சிறுநீர் அளவு, யூரியா, கிரியேட்டினின் இவைதான் கடுமையைச் சொல்லும். 'நேத்து 1,800, இன்னைக்கு 900, குணமாகிட்டு வருது' என்று தினமும் லைபேஸை எடுத்துப் பார்ப்பதால் சிகிச்சையில் எதுவும் மாறுவதில்லை. பில்தான் ஏறும்.

இப்போது கிட்னி பக்கம் திரும்புவோம். அமைலேஸ், லைபேஸ் இரண்டுமே ஓரளவு கிட்னி வழியாக வெளியேறுகின்றன. நாள்பட்ட சிறுநீரக நோயாளிக்கு, குறிப்பாக டயாலிசிஸில் இருப்பவருக்கு, கணையம் நன்றாக இருந்தும் இவை இரண்டு மடங்கு வரை ஏறியிருப்பது சாதாரணம். லைபேஸ் இரண்டு மடங்கு, வலி இல்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. டயாலிசிஸில் இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பரின் லைபேஸ் அளவை ஏற்றக்கூடும் என்பதால் மாதிரியை டயாலிசிஸுக்கு முன் எடுப்பது நல்லது. சர்க்கரைக்கும் எடைக்குறைப்புக்கும் போடும் செமாக்ளூடைட் வகை ஊசிகளும் லைபேஸைக் கொஞ்சம் ஏற்றும்.

மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி, முதுகுக்குப் பாய்கிறது, வாந்தி நிற்கவில்லை என்றால் லேபுக்குப் போய் லைபேஸ் கொடுத்துவிட்டு வீட்டில் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். நேராக மருத்துவமனை. அங்கே இசிஜியும் எடுப்பார்கள், எடுக்கட்டும். மாரடைப்பும் அதே இடத்தில் வலிக்கும்.

நாள்பட்ட கணையக் கோளாறு என்றால் கதை மாறிவிடும்

கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இளவயதிலேயே கணையத்தில் கல் சேர்ந்து, வயிற்றுவலி, பிறகு சர்க்கரை என்று போகும் நோய் ஒன்று உண்டு. வெப்பமண்டலக் கணைய அழற்சி என்பார்கள். மரவள்ளிக்கிழங்கால் வருகிறது என்ற பேச்சு நீண்ட நாள் ஓடியது, நிரூபணம் ஆகவில்லை. எஸ்பிஐஎன்கே1 என்ற மரபணு மாற்றம் பலரிடம் காணப்படுகிறது. இவர்களுக்கு லைபேஸ் எடுத்தால் நார்மலாகவோ குறைவாகவோ வரலாம். கணையத் திசுவே அழிந்துபோன பிறகு என்சைம் எங்கிருந்து வரும்? இங்கே இரத்தத்தைவிட மலம்தான் உண்மை பேசும். மலத்தில் எலாஸ்டேஸ்-1 என்ற கணைய என்சைம் ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் கணையச் சுரப்பு குறைவு, 100-க்குக் கீழ் இருந்தால் கடும் குறைவு. தண்ணீராகப் போகும் நாளில் மாதிரி கொடுத்தால் நீர்த்துப்போய்த் தவறாகக் குறைவாகக் காட்டும். கூடவே ஒரு ஸ்கேனும் தேவை.

கணையம் இன்சுலினைச் செய்கிறதா என்ற கேள்விக்கு சி-பெப்டைட். இன்சுலின் உருவாகும்போது அதே எண்ணிக்கையில் உதிரும் துண்டு இது. வெளியிலிருந்து போடும் இன்சுலின் ஊசியில் இது கிடையாது, ஆகவே ஊசி போடுகிறவருக்கும் உடம்பு சொந்தமாக எவ்வளவு செய்கிறது என்று காட்டும். அந்த நேரத்துச் சர்க்கரை அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் இதுவும் கிட்னி வழியாகப் போவதுதான். கிரியேட்டினின் 4 உள்ளவருக்கு சி-பெப்டைட் நல்ல அளவில் வந்தால், கணையம் நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டு இன்சுலினை நிறுத்திவிடக் கூடாது.

சர்க்கரைக் கட்டுப்பாட்டைப் பார்க்கும் எச்பிஏ1சி-யும் ஒரு புரதக் கணக்குதான், சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரை. சிறுநீரகம் செயலிழந்தவருக்குச் சிவப்பணுக்கள் 120 நாள் வாழ்வதில்லை. எரித்ரோபொய்ட்டின் ஊசி போட்டால் புதிய அணுக்கள் வரும், இரத்தம் ஏற்றினாலும் அப்படியே. எச்பிஏ1சி பொய்யாகக் குறைந்து 6.2 என்று வரும், வீட்டுக் குளுக்கோமீட்டரில் 220 காட்டும். அப்போது குளுக்கோமீட்டரை நம்புங்கள். மாற்றாகச் சொல்லப்படும் ஃப்ரக்டோசமின், கிளைகேட்டட் ஆல்புமின் இரண்டும் கடந்த இரண்டு மூன்று வாரக் கதையைச் சொல்லும். ஆனால் சிறுநீரில் ஆல்புமின் கொட்டுகிறவருக்கு அவையும் குறைவாகவே காட்டும்.

இரண்டு உறுப்பையும் ஒரே நோய் தாக்கினால்

ஐஜிஜி4 என்ற எதிர்ப்புப் புரதம் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 135 மில்லிகிராமைத் தாண்டுவது ஒரு வகைத் தன்னெதிர்ப்புக் கணைய அழற்சியின் அடையாளம் என்று 2001-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே நோய் சிறுநீரகத்தையும் வீங்க வைக்கும். வலியில்லாத மஞ்சள் காமாலை, ஸ்கேனில் கணையம் தடித்திருக்கிறது என்றதும் புற்றுநோய் என்றே எல்லாரும் நினைப்பார்கள். சிலருக்கு இது ஸ்டீராய்டில் கரைந்துவிடும். ஆனால் கணையப் புற்றுநோயிலும் சிலருக்கு ஐஜிஜி4 ஓரளவு ஏறும் என்பதால் இந்த எண் மட்டும் போதாது, திசுவும் ஸ்கேனும் சேர்ந்து பேச வேண்டும். அறிகுறி இல்லாதவர்கள் இதை எடுக்கவே வேண்டாம். கணையப் புற்றுநோய்க்காகப் பார்க்கும் சிஏ 19-9 என்ற இரத்தப் பரிசோதனைக்கும் இதே பதில். காமாலையில் தானாக ஏறும், சிலரது உடம்பு மரபிலேயே அதைச் செய்யாது. பேக்கேஜில் 'கேன்சர் மார்க்கர்' என்று சேர்த்து விற்கிறார்கள், நான் அந்த வரியை அடித்துவிடச் சொல்வேன்.

மாதிரி கொடுக்கும் நாளுக்குச் சில சின்ன விஷயங்கள். கிரியேட்டினினுக்கு முந்தைய இரவு கறி விருந்து வேண்டாம். ஏசிஆருக்கு முந்தைய நாள் ஓட்டப் பயிற்சி வேண்டாம். அவசரத்தில் எடுக்கும் லைபேஸுக்கு வெறும் வயிறு தேவையில்லை. தொடர்ந்து பார்ப்பதாக இருந்தால் ஒரே லேபில் எடுங்கள், லைபேஸின் எல்லை லேபுக்கு லேப் மாறும் என்பதால் மடங்குக் கணக்கை அந்த லேபின் அட்டையை வைத்தே போட வேண்டும்.

அப்புறம் அலகுகள். கொழும்பிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ லண்டனிலிருந்தோ உறவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 115 என்று இருந்தால் அது மைக்ரோமோல் கணக்கு. 88.4-ஆல் வகுத்தால் நம் கணக்கில் 1.3 வரும். ஆல்புமின் 42 என்று இருந்தால் அது லிட்டருக்கான கிராம், நமக்கு 4.2. ஏசிஆர் அங்கே மில்லிமோல் கணக்கில் 3 என்று வந்தால் இங்கே ஏறக்குறைய 27, அதாவது 30 என்ற நம் எல்லைக்கோட்டுக்கு மிக அருகில். 3 தானே, ரொம்பக் குறைவு என்று அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.